வளையத்துக்கு வெளியே ஒரு நாற்காலி

“நாளையிலேர்ந்து நாங்க வரல. இதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்” என்று தனம் சொன்னதும் பொற்கொடியின் நாக்கு துள்ளி எழுந்துவிட்டது. எழுந்ததைப் பிடித்து உட்கார வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பேசக்கூடாது. மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை வளையத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வேண்டும், நடப்பதைப் பார்க்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்க வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் குழுப்பணி எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அவளே பலகையில் எழுதி, கீழே கோடும் இழுத்து, வருஷா வருஷம் முழங்கிவரும் விதி இது. முழங்குவது யாருக்கும் சுலபம். இங்கே, இந்தத் தகரக் கொட்டகையில், ஒரு கால் கொஞ்சம் குட்டையான பிளாஸ்டிக் நாற்காலியில், பொற்கொடி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி தன் விதியைத் தானே மென்று கொண்டிருந்தாள். எதிரே பாயில் வட்டமாக ஏழெட்டு அம்மாக்கள். பக்கத்துக் கட்டடம் சிறப்புப் பள்ளி. மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் படிக்கிற இடம். பிள்ளைக்கு எந்த நேரம் என்ன ஆகுமோ, பள்ளி விடும்வரை அம்மா வளாகத்தை விட்டு நகரக்கூடாது என்பது அந்தப் பள்ளியின் கட்டளை. அதனால் காலையில் பிள்ளையை வகுப்பில் விட்டவர்கள் மணி அடிக்கும்வரை இந்தக் கொட்டகையில்தான் கிடப்பார்கள். அவர்களை ஒரு குழுவாக்கி வாராவாரம் கூட்டி உட்கார வைத்துப் பேச விடுவது இளம்பரிதியின் களப்பணி. இளம்பரிதி அவள் மாணவன். அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளை, ஆறடி உயரம், அதில் பாதிக்குக்கூடக் காணாத குரல். இப்போது அந்தக் குரலையும் காணோம். தனம் போட்ட குண்டுக்கு அவன் ஏதாவது சொல்வான் என்று பொற்கொடி பார்க்கிறாள், அவன் பாயின் ஓரத்து நூலைப் பார்க்கிறான்.

சொல்லேன்டா. எதையாவது சொல்லேன். இல்லை, சொல்லாதே, சொல்லாமலிருப்பதும் சரிதான், நான்தானே சொல்லிக்கொடுத்தேன், குழுவில் அமைதி விழுந்தால் பதறாதே, அது குழுவுக்குச் சொந்தமானது, பிடுங்காதே என்று. வகுப்பில் அதைச் சொன்னபோது எவ்வளவு அழகாக இருந்தது! பிள்ளைகள் எல்லாம் குனிந்து எழுதிக்கொண்டன. ஆனால் இவன் இப்போது சும்மா இருப்பது கற்ற வித்தையா, வெறும் பயமா? காது சிவந்திருக்கிறது. பயம்தான். பயந்தாலும் சரி, வாயை மூடிக்கொண்டு பயப்படுகிறானே, அதுவே பெரிசு. முதல் வாரம் இதே பாயில் இவன் என்ன கூத்தடித்தான்! சமூகப்பணி படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், கைதட்டச் சொல்வார்கள், பந்து எறிவார்கள், பலூன் ஊதுவார்கள். கூச்சம் போக வேண்டுமாம். இவனும் எழுந்து நின்று, “எல்லாரும் உங்க பேரைச் சொல்லி, நீங்க ஒரு மிருகமா இருந்தா என்ன மிருகமா இருப்பீங்கன்னு சொல்லணும்” என்றான். அம்மாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒயர் கூடை பின்னிக்கொண்டிருந்த ஷம்ஷாத் பீவிதான் முதலில் வாயைத் திறந்தது. “நான் மாடுன்னு வச்சுக்க தம்பி. ஒரே எடத்துல படுத்து நாளெல்லாம் அசை போடறேன்.” உடனே லூர்து மேரி, “அப்ப நான் கழுதை, எட்டு வருசமாப் புள்ளையத் தூக்கிச் சொமக்கிறேன்” என்றாள். அப்புறம் பிடித்துக்கொண்டது சிரிப்பு. கோழி என்றார்கள், குரங்கு என்றார்கள், எவளோ ஒருத்தி மாமியாரைப் பாம்பு என்றாள். தனமும் அன்றைக்குச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. தனம் சிரிப்பது அதுதான் முதலும் கடைசியுமோ? மேலே தகரத்தில் ஒரு காக்கை கிறீச் கிறீச் என்று நடந்தது.

நடந்தது இவ்வளவுதான். போன வாரம் தனத்தின் பையன் கோகுல் வகுப்பில் லூர்து மேரியின் மகள் ஜெஸியைக் கடித்துவிட்டான். சும்மா கடியல்ல, பல் பதிந்த கடி. ஆயா ஓடிவந்து தனத்தைத் தேடினால் தனத்தைக் காணோம். அழுகிற மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும், தனம் திரும்பி வந்த பிறகு, லூர்து கேட்ட கேள்வியை இளம்பரிதி வந்து பொற்கொடியிடம் வரி பிசகாமல் சொல்லியிருந்தான். “பெத்தது நீ, பார்க்கிறது நாங்களா? எங்கடி போய்த் தொலஞ்ச?” தனம் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். அன்றைக்குப் போனவள் இன்றைக்குத்தான் வந்தாள். கோகுலை வகுப்பில் விட்டாள், வந்து உட்கார்ந்தாள், சொன்னாள், முடிந்தது. லூர்து பாயின் அந்தப் பக்கம் கம்பத்தில் சாய்ந்து, எதிர்ச் சுவரில் பிள்ளைகள் வரைந்த மூன்று கால் யானையை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறாள். என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது, உன்னைப் போல ஒரு தாய்தானே அவள், ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? பொற்கொடிக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. தன் பிள்ளையின் கையில் பல் பதிந்திருந்தால் தானும் யானையைத்தான் பார்ப்போம் என்று பட்டது. பள்ளிச் சமையற்கட்டிலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. பெருங்காயம் ஒரு சிட்டிகை அதிகம். மனசுக்கு என்ன வேலை பாருங்கள், ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடமே போகப் போகிறது, அது பெருங்காயத்தை நிறுத்துப் பார்க்கிறது.

போய்விடும். அதுதான் பயம். கோகுலுக்குப் பத்து வயது. பள்ளியை விட்டு நின்றால் வீடு. வீடு என்றால் அறை. போன மாதம் களப்பணிக்காக வேறொரு தெருவில் வீடு வீடாகப் போனபோது ஒரு ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையைப் பொற்கொடி பார்த்தாள். மீசை அரும்பிய பையனின் கை. தெருவில் போகிற எல்லாருக்கும் அது ஆடிக்கொண்டிருந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது, அம்மா வேலைக்குப் போயிருந்தாள், அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொற்கொடியும் பதிலுக்குக் கையாட்டினாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே நின்றாள். கோகுலின் கை இப்படி ஆகிவிடக் கூடாது. கோகுல் இப்போதுதான் சட்டைப் பொத்தான் போடப் பழகியிருக்கிறான், மேல் பொத்தானைக் கீழ்த் துளையில், போகட்டும், போடுகிறானே! சொல்லிவிட்டால் என்ன? ஒரே ஒரு வாக்கியம். தனம், கடிக்கிறது வளர்றதுல ஒரு கட்டம்தாம்மா, அதுக்கு வழியிருக்கு, பள்ளிய நிறுத்தினா மொத்தமும் போயிடும் என்று. பொற்கொடிக்குப் பேச வரும். நன்றாகவே வரும். லூர்துவுக்கு ஒரு வார்த்தை, தனத்துக்கு ரெண்டு வார்த்தை, நடுவில் கொஞ்சம் கண்ணில் தண்ணீர், கடைசியில் எல்லாருடைய கைதட்டல். எத்தனை கூட்டத்தில் செய்திருக்கிறாள்! அவள் போன பிறகு அந்தக் கைதட்டல் எத்தனை நாள் நின்றது என்று மட்டும் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் கலியமூர்த்தி சொல்வார், “உன்னை ஊமைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனா நீ பக்கத்து சீட்டுல உக்காந்து வசனம் சொல்லுவே.” மகள் ஒரு படி மேலே போய், “அம்மா, கேள்வியும் நீயே கேட்டு பதிலும் நீயே சொல்லிடறே, நான் எதுக்கும்மா போன் பண்றேன்?” என்பாள். வேடிக்கையாகத்தான் சொல்வாள். ஆனால் அந்தப் பெண் இப்போதெல்லாம் அப்பாவுக்குத்தான் போன் பண்ணுகிறது, அப்பா ஒன்றும் பேசமாட்டார் என்பதால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்கிறது. இதை மட்டும் பொற்கொடி சத்தமாக நினைப்பதில்லை. சரி, சரி, வாயை மூடு.

அமைதி நீண்டது. அமைதிக்கு இவ்வளவு சத்தம் உண்டா என்ன? பாட்டு வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை தட்டைத் தட்டுகிறது, தாளம் இல்லை, சந்தோஷம் மட்டும் இருக்கிறது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நாற்காலியின் குட்டைக் கால் டக்கென்று ஒரு பக்கம் சாய, எல்லாரும் திரும்பிப் பார்க்க, பொற்கொடி குற்றவாளி போல அசையாமல் இருந்தாள். நல்லவேளை, இவள் ஆரம்ப காலத்தில் நடத்திய குழுக்களை இளம்பரிதி பார்க்கவில்லை. ஆட்டோ ஓட்டுநர்கள் குழு ஒன்று. படித்து முடித்த சூடு, கையில் புத்தகம். “எல்லாரும் கண்ணை மூடிக்குங்க, கடலை நினைச்சுக்குங்க, அலை வருது, அலை போகுது” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டே போனாள். அலை மூன்று முறை வந்துபோவதற்குள் குறட்டை கிளம்பிவிட்டது. ராத்திரி முழுக்க ஜங்ஷனில் சவாரி பார்த்த மனுஷர்கள், கண்ணை மூடச் சொன்னால் கடலையா நினைப்பார்கள்! ஒருத்தர் விடாமல் தூங்கினார்கள். எழுப்பவும் மனசு வராமல் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எழுந்ததும் ஒரு பெரியவர் சோம்பல் முறித்துக்கொண்டு, “நல்ல மீட்டிங்கும்மா. வாராவாரம் வைங்க” என்றார். அந்த மீட்டிங் ஆறு மாதம் நடந்தது, ஊரிலேயே அதற்குத்தான் கூட்டம் அதிகம். நினைத்ததும் பொற்கொடிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கக்கூடாத இடம் என்றால் அதற்குத் தெரியாதா? கைக்குட்டையை எடுத்து வியர்வை துடைப்பது போல வாயை அழுத்திக்கொண்டாள். அன்றைக்கும் அவள் ஒன்றுமே செய்யவில்லை, சும்மா காவலுக்கு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அவர்களுக்கு என்ன வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. தனம் போகவில்லை. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன் என்றாள், சொன்னாள், போகவில்லையே! பை மடியில் இருக்கிறது, செருப்பு பாயோரம் தயாராக இருக்கிறது, ஆனால் கால் மடக்கி நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வெறுமே தகவல் சொல்ல வேண்டுமென்றால் போன் போதாதா? ஆயாவிடம் சொல்லி அனுப்பினால் ஆகாதா? ரெண்டு பஸ் மாறி வந்து இந்த வளையத்தில் உட்கார்ந்து சொல்வானேன்? போக வந்தவள் இல்லை இவள், போகாதே என்று யாராவது சொல்கிறார்களா பார்க்க வந்தவள். இளம்பரிதி, பாருடா, காலைப் பாரு, சம்மணத்தைப் பாரு! அவன் இவளைத்தான் பார்த்தான். மூழ்குகிறவன் கரையைப் பார்க்கிற பார்வை. மேம், ஏதாவது செய்யுங்களேன் என்று அவன் கண் கெஞ்சியது. பொற்கொடி சட்டென்று கூரையைப் பார்த்தாள். கூரையில் ஒன்றும் இல்லை, ஒரு துரு பிடித்த ஓட்டை, அது வழியாக வெயில் ஒரு பொட்டு. அதையே உற்றுப் பார்த்தாள். கரையே இல்லையென்று தெரிந்தால்தான் நீச்சல் அடிப்பான். ஆனால் பாவம், பிள்ளை. ஆனால் தனம். ஆனால் கோகுல். இன்னும் கொஞ்ச நேரத்தில் தனம் யாரும் கூப்பிடவில்லை என்று முடிவு பண்ணிவிட்டால்? அவள் கை செருப்புப் பக்கம் போகிறதே. போகிறதா? போகிறது. லூர்து, யானையை விடு தாயே! ஷம்ஷாத்தின் கூடை மடியில் அப்படியே நிற்கிறது, பாதி பின்னிய ஒயர் விரலில் சுற்றியபடி. எல்லாரும் எதற்கோ காத்திருக்கிறார்கள். காத்திருப்பதே தொழிலாக உள்ளவர்கள், அவர்களுக்குப் பொறுமை ஜாஸ்தி. பொற்கொடிக்கு அவ்வளவு இல்லை. இத்தனை வருஷத்து விதி, கோடு, பலகை எல்லாம் ஒரு நொடியில் அவளை விட்டுப் போயின. வாய் தன் பாட்டுக்குத் திறந்து, “தனம்...” என்றது.

“டீச்சர்” என்றாள் ஷம்ஷாத் பீவி, மெதுவாக, கூடையைக் கீழே வைத்துவிட்டு. “தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? எங்களுக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு.” பொற்கொடிக்கு முதலில் புரியவில்லை. பின்னால் வேறு டீச்சர் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தாள். என்னையா? குழுப்பணிக்கே பாடம் எடுக்கிற என்னையா? ஷம்ஷாத் அதோடு விடவில்லை. “தம்பி, நீயும்தான் ராஜா. கோச்சுக்காத. நீங்க ரெண்டு பேரும் பெரிய டீச்சர் ரூம் வழியா வர்றீங்க, போறீங்க. பெரிய டீச்சர் காதுக்குப் போயிடுமோன்னு சிலதை உங்க முன்னாடி பேச வராது.” இளம்பரிதி எழுந்தான். எழுந்தவனுக்குக் கால் மரத்துப்போய் ஒரு பக்கமாகச் சாய, ஒரு அம்மா அவன் முழங்காலைப் பிடித்து நிமிர்த்திவிட்டாள். வளையத்தில் அவன் உட்கார்ந்திருந்த இடம் கொஞ்ச நேரம் காலியாக இருந்தது. பிறகு இந்தப் பக்கத்து அம்மாவும் அந்தப் பக்கத்து அம்மாவும் நகர்ந்து உட்கார அந்த இடமே இல்லாமல் போயிற்று. அதைப் பார்த்ததும், ரோஷம் சுருக்கென்று குத்திக்கொண்டிருந்த அதே இடத்தில், பொற்கொடிக்குள் என்னவோ திறந்துகொண்டது. சந்தோஷம். சந்தேகமே இல்லை, சந்தோஷம்தான், கல்யாண வீட்டில் பந்தி நடுவே நிற்கிறது போன்ற திக்குமுக்காடல். கைப்பையை எடுத்துக்கொண்டாள். செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு அப்படியே வெளியே வந்தாள்.

வேப்பமரத்தடியில் இளம்பரிதி அழுதுவிடுவான் போல நின்றான். “மேம், எனக்கு மார்க் போச்சா? குரூப்பே என்னை வெளிய போகச் சொல்லிடுச்சே.” அடப்பாவி, உனக்கு இன்னும் தெரியவில்லையா? மற்ற பிள்ளைகளின் குழு எல்லாம், நடத்துகிறவன் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் போதும், கலைந்துபோகிறது. உன் குழு உன்னைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு நடக்கிறது. எத்தனை வருஷம் இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன், ஒரு குழுகூட என்னை வெளியே அனுப்பியதில்லையடா, எல்லாரும் மரியாதையாக உட்கார்ந்து தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. வரிசை கட்டி வாய்வரை வந்ததைச் சொல்லாமல் விட்டு, “இல்லடா, போகல” என்று மட்டும் சொன்னாள். உள்ளே முதலில் முணுமுணுப்பு. பிறகு தனத்தின் குரல் உடைந்து தகரத்தைத் தாண்டி வந்தது. “...மத்தியானம் மட்டுந்தான்க்கா, அந்த ஓட்டல்ல பாத்திரம் தேய்க்க...” பொற்கொடி சட்டென்று இளம்பரிதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். “மேம், என்னமோ சொல்றாங்க மேம்!” “நமக்குச் சொல்லல. வா.” குழாயடி வரைக்கும் போனார்கள். அங்கேயும் சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. லூர்து கத்துகிறாள். யாரோ அழுகிறார்கள், ஒருத்தியா ரெண்டு பேரா தெரியவில்லை. பொற்கொடிக்கு ஓடிப்போய் உள்ளே நிற்க வேண்டும் போல கால் பரபரத்தது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள், மூடினாள், திறந்து மறுபடியும் கழுவினாள். அழுகை நின்று ஒன்றுமே கேட்காமல் போனதுதான் கொடுமை. போய்விட்டாளோ? செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கக் கேட் வழியாகப் போயே விட்டாளோ? அப்போது திடீரென்று சிரிப்பு வெடித்தது. ஒருத்தி தொடங்கி எல்லாரும் சேர்ந்துகொண்ட சிரிப்பு, தகரமே அதிர்ந்தது, காக்கை பறந்தது. “மேம், நான் இன்னைக்கு ஒண்ணுமே பண்ணல. ரிப்போர்ட்ல என்ன எழுதறது?” என்றான் இளம்பரிதி. “அதையே எழுது” என்று அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தண்ணீர் சொட்டுகிற கையோடு தட்டியதில் அவன் சட்டை நனைந்தது.

மணி அடித்ததும் பிள்ளைகள் வந்தார்கள். சிலர் ஓடி, சிலர் சுவரைப் பிடித்து, ஒருவன் பின்பக்கமாக நடந்து. அம்மாக்கள் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார்கள். தனத்தின் மூக்கு சிவந்திருந்தது. லூர்து மேரியின் கண் வீங்கியிருந்தது. கோகுல் சட்டைப் பொத்தான் கோணலாக நேரே ஜெஸியிடம் போய் நின்று அவள் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தொட்டான். லூர்து ஓர் எட்டு முன்னால் வந்து, நின்று, அங்கேயே இருந்துவிட்டாள். ஜெஸி தன் தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினாள். அதைத் திறக்கத் தெரியாமல் அவன் பல்லால் கடிக்கப் போக, “டேய், டேய்” என்று லூர்துவே வாங்கித் திறந்து கொடுத்தாள். என்ன பேசினீங்க? என்ன முடிவு? யாரு என்ன சொன்னா? கேள்விகள் பொற்கொடியின் தொண்டையில் முண்டியடித்தன. பக்கத்தில் இளம்பரிதி வாயைத் திறந்துவிட்டான், அவள் அவன் முழங்கையைக் கிள்ளினாள். லூர்து மேரி அதைக் கவனித்துவிட்டாள். “அது எங்களுக்குள்ள டீச்சர். நாங்க பார்த்துக்கறோம்” என்றாள், மரியாதையாகவும் கறாராகவும். தனம் மகன் கையைப் பிடித்துக்கொண்டு கேட் வரை போனாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். கேட்டைத் திறந்தவள் என்னவோ ஞாபகம் வந்தது போலத் திரும்பி, அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “தம்பி, அடுத்த வாரம் நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா வாங்க. மொதல்ல நாங்க பேசி முடிச்சுக்கறோம். அப்புறமாக் கூப்பிடறோம்.”

“சரிக்கா” என்றான் இளம்பரிதி. அடுத்த வாரமாம்! நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிப்போக வந்தவள் அடுத்த வாரத்துக்கு இவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பொற்கொடி கையை உயர்த்தி ஆட்டினாள். தெருவில் தனத்தின் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த கோகுல் திரும்பிப் பார்த்து, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியபடியே போனான்.